மொட்டைக் கிளை

எங்கள் தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு மரம் இருக்கிறது. காகித மரம். குழுத்தலைவர் கோமினே தன் கையாலேயே வெட்டி ஒட்டியது. ஆளுக்கொரு கிளை, கிளைக்கு அடியில் பெயர். வேலையை எளிதாக்க ஏதாவது யோசனை தோன்றினால் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். போட்டால் அவரவர் கிளையில் ஆரஞ்சு நிறக் காகிதப் பழம் ஒன்று தொங்கும். மாதம் மூன்று பழம் கட்டாயம். மரத்துக்கு மேலே ‘தினம் ஒரு சின்ன யோசனை’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். இதைப் பார்த்துக்கொண்டுதான் நாங்கள் சோறு தின்ன வேண்டும்.

அப்போது என் கிளை மொட்டை. ஆறு மாதமாக மொட்டை. நிரசாவா என்ற என் பெயர் அங்கே தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். சாப்பிட வருகிறவன் எல்லாம் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பான். பார்க்கட்டும், எனக்கென்ன.

நாங்கள் செய்வது கழிப்பறை இருக்கைக்குப் பக்கத்தில் மாட்டுகிற பொத்தான் பெட்டி. உட்காரும் இடத்தைச் சூடாக்க ஒரு பொத்தான், வெந்நீர் பீய்ச்ச ஒரு பொத்தான், காய வைக்க ஒன்று. நாடே சொகுசாக உட்கார்வதற்காக நாங்கள் ஆறு பெண்கள் நாள் முழுக்க நிற்கிறோம். ஆறு பேருக்கும் ஒரே வேலைதான். பெட்டி வந்து நிற்கும். மூடியின் பள்ளத்தில் ரப்பர் வளையத்தை அழுத்தி உட்காரவைக்க வேண்டும். பிறகு ஆறு திருகாணி. அப்போதெல்லாம் ஒரு பெட்டிக்கு ஐம்பத்திரண்டு விநாடி. அந்த ஐம்பத்திரண்டு எங்கள் தலைக்கு மேலே சிவப்பு எண்ணில் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு ஐந்நூற்று இருபது பெட்டி.

இதில் எனக்கு மட்டும் நாற்பத்தெட்டு விநாடி போதும்.

காரணம் ஒரு விசிறி. கோடையில் ரயில் நிலைய வாசலில் விளம்பரம் போட்டு இனாமாகக் கொடுப்பார்களே, அந்த ப்ளாஸ்டிக் விசிறிதான். மேலே ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்துவிட்டுப் பார்த்தேன். உள்ளே விலா எலும்பு மாதிரி வரிசையாகக் குச்சிகள். குச்சிக்கும் குச்சிக்கும் நடுவே திருகாணியின் தண்டு நுழையும், தலை நுழையாது. உள்ளங்கை அளவுக்கு வெட்டினேன். திருகாணித் தட்டில் விட்டு ஒரு இழுப்பு, ஒரு உதறு. ஆறு திருகாணியும் தலை மேலாக வரிசையில் தொங்கும். மற்றவர்கள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, புரட்டி, நிமிர்த்திக்கொண்டிருக்கையில் நான் முடித்திருப்பேன்.

மிச்சமாகிற நாலு விநாடியில் நான் ஒன்றும் செய்ய மாட்டேன். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் அதன் அருமையே. மேஜைக்கு அடியில் வலது கையைத் தொங்கவிட்டுக் கட்டைவிரலை நீட்டுவேன். அது மடங்கினால் மடங்கியபடியே நின்றுவிடும் விரல். காலையில் எழுந்ததும் இடது கையால் பிடித்து இழுத்தால்தான் ‘டொக்’கென்று நிமிரும். மருத்துவர் ஓய்வு கொடுக்கச் சொன்னார். எங்கே போய் கொடுப்பது? ஐந்நூற்று இருபது தடவை நாலு நாலு விநாடியாகக் கொடுத்தேன். கூட்டிப் பார்த்தால் அரை மணிக்கு மேல் வரும். அந்த அரை மணியால்தான் என் விரல் இன்னும் விரலாக இருக்கிறது. எனக்கு வயது ஐம்பத்து நாலு, ஆறு மாத ஒப்பந்தம், வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்தி. விரல் போனால் எல்லாம் போச்சு.

இதைச் சீட்டில் எழுதியிருக்கலாமே என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். இரண்டு வருடத்துக்கு முன் மூன்றாம் மேஜையில் இருந்தவள் நல்ல மனசோடு ஒரு யோசனை கொடுத்தாள், பெட்டியைச் சற்றுச் சாய்த்து வைத்தால் மணிக்கட்டுக்கு நல்லது என்று. நல்லதுதான். மூன்று விநாடி மிச்சமானது. அடுத்த திங்கட்கிழமை ஐம்பத்தைந்தாக இருந்த எண் ஐம்பத்திரண்டாக இறங்கியது. அவளுக்கு ஒரு சான்றிதழும் ஐந்து கிலோ அரிசியும் கிடைத்தன. எங்களுக்கு வலி திரும்பக் கிடைத்தது. அன்றைக்கே முடிவு செய்தேன், என் மண்டையில் முளைப்பது என் மண்டையிலேயே இருக்கட்டும் என்று.

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், துடைப்பத்தை நகர்த்துகிறார்கள். இந்த மாதம் ஒருத்தி ‘துடைப்பத்தைக் கதவுக்கு இடப்பக்கம் வைத்தால் ஆறு அடி நடை மிச்சம்’ என்று எழுதுவாள். இரண்டு மாதம் கழித்து இன்னொருத்தி ‘வலப்பக்கம் வைத்தால் கதவு இடிக்காது’ என்று எழுதுவாள். துடைப்பம் இதுவரை பதினோரு தடவை வீடு மாறியிருக்கிறது. யாராவது காய்ச்சலில் படுத்தால் அவள் பெயரில் பக்கத்து மேஜைக்காரி சீட்டு எழுதிப் போடுவாள். கையெழுத்துக்குப் பதிலாகப் பெயருக்குக் கீழே குத்துகிற முத்திரைக் கட்டைகள் எல்லாம் ஒரே இழுப்பறையில்தான் கிடக்கும். யார் வேண்டுமானாலும் யாருடையதையும் எடுத்துக் குத்தலாம். வீட்டுச் சாவியைப் பொது இடத்தில் மாட்டி வைப்பதற்குச் சமம் அது. ஆனாலும் எல்லோரும் அப்படித்தான் வைக்கிறோம், எடுத்துப்போய்த் தனியாக வைத்துக்கொண்டால் மற்றவர்களை நம்பவில்லை என்று ஆகிவிடும்.

என் பக்கத்து மேஜைக்காரி உசுதா. வயது அறுபத்தொன்று. எனக்கும் அவளுக்கும் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காலை வணக்கம் உண்டு, மாலையில் ‘களைப்பா இருக்கும், போயிட்டு வாங்க’ உண்டு. அது இல்லாவிட்டால் மிருகம் என்பார்கள். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. காரணம் ஒரு பலகாரம். அவள் கனாசாவாவுக்குச் சுற்றுலா போய்விட்டு வந்து, வழக்கப்படி எல்லோருக்கும் பயற்றுப் பூரணம் வைத்த மஞ்சூ வாங்கிவந்தாள். குழுவில் அவளையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். ஆளுக்கொன்று கொடுத்துக்கொண்டே வந்தவள் என்னிடம் வந்ததும் காலிப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டி, “அடடா, ஒண்ணு குறையுதே” என்றாள். குறையுதாம்! எண்ணி வாங்காத பலகாரத்தை இந்த நாட்டில் யார் கொண்டுவருவார்கள்? எல்லோரும் மெல்லும்போது நான் வெறும் தேநீர் குடித்தேன். அதை நான் மறக்கவில்லை, மறக்கப் போவதும் இல்லை.

அந்த உசுதாதான் என் விசிறியைப் பார்த்துவிட்டாள். ஒருநாள் தன் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமலேயே, “இந்தப் பக்கம் நல்லா காத்து வருது” என்றாள். மூன்று வருடத்தில் என்னிடம் பேசிய முதல் சொல். விசிறியைத் தட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுத் திருகாணியை முடுக்கினேன்.

புதன்கிழமைதோறும் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி கோமினே எங்களுக்குப் படைப்புத் திறன் வளர்ப்பான். முப்பத்தோரு வயது, பற்பசை விளம்பரச் சிரிப்பு. தலைமை அலுவலகத்தில் பயிற்சி முடித்து வந்தவன். அன்றைக்கு ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுத்தான்.

“ஒரு செங்கல் இருக்குன்னு வெச்சுக்குங்க. அதை என்னென்னத்துக்கு உபயோகிக்கலாம்? இருபது எழுதணும். தப்பு சரின்னு கிடையாது. மனசைத் திறந்து விடுங்க!”

எனக்கு ஒரே ஒரு உபயோகம்தான் தோன்றியது. அது அவன் தலை சம்பந்தப்பட்டது. தாளை வெறுமையாக நீட்டினேன்.

“நிரசாவா-சான், ஒண்ணு கூடவா தோணல?” மரியாதைக்கு ஒரு ‘சான்’ வேறு.

“தோணல.”

“ஊறுகாய் ஜாடி மேல பாரமா வெக்கலாமே. வீட்ல சமைக்கிறவங்க நீங்க, உங்களுக்குத் தோணாதா?”

“எங்க வீட்டு ஊறுகாய் கடையில வாங்குறது.”

எல்லோரும் குனிந்து சிரித்தார்கள். அவன் சிரிப்பு மட்டும் கொஞ்சம் சுருங்கியது. கூட்டம் கலைந்ததும் என்னை மரத்துக்கு அடியில் நிறுத்தினான்.

“உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். மார்ச்ல ஒப்பந்தம் புதுப்பிக்கணும். பட்டியல் போடுறது நான். ஆறு மாசமா ஒரு பழம்கூட இல்லாத கிளையை மேல காட்டி, இவங்க வேணும்னு நான் எப்படிச் சொல்றது?”

“என் பெட்டியில ஒரு பழுது உண்டா? ஒருநாள் நேரம் தவறியிருக்கேனா?”

“அதெல்லாம் மெஷினும் செய்யும். மனுஷங்ககிட்ட நாங்க எதிர்பார்க்கிறது வேற. மாசக் கடைசிக்குள்ள ஒண்ணே ஒண்ணு குடுங்க போதும். துடைப்பம் மட்டும் வேண்டாம். துடைப்பத்தைத் தரையில ஆணி அடிச்சாச்சு.” போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னான். “அடுத்த மாசம் ஒவ்வொரு மேஜைக்கு மேலயும் கேமரா வருது. கை அசைவையெல்லாம் படம் பிடிச்சு ஆராயப் போறோம். பட்டியல்ல இல்லாத கருவி ஏதாவது இருந்தா இப்பவே எடுத்துரச் சொல்லி எல்லார்கிட்டயும் சொல்லுங்க.”

அன்று முழுக்க எனக்கு எரிந்தது. யோசனையைக் கொடுத்தால் விரல் போகும். கொடுக்காவிட்டால் வேலை போகும். வீட்டில் உட்கார்ந்து வேறு ஏதாவது பொய் யோசனை எழுதலாம் என்று சீட்டை விரித்தேன். பேனாவைப் பிடித்தாலே கட்டைவிரல் மடங்கிக்கொண்டது. ஆத்திரத்தில் சீட்டைக் கசக்கி எறிந்தேன். ஒரு வெட்கங்கெட்ட பழத்துக்காக இவன் காலில் விழுவதா? வேலையை விட்டுத் துரத்தினால் துரத்தட்டும் என்று முடிவு செய்தேன். முடிவு செய்துவிட்டு அழுதேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாதக் கடைசி நாள் காலிக் கையோடு போனேன். பெட்டியைத் தாண்டி நேராக மேஜைக்கு நடந்தேன். கோமினே பார்த்தான்.

முதல் தேதி காலைக் கூட்டத்தில் இருநூறு பேர் வரிசையாக நிற்கையில் மேலாளர் மேடையேறினார். இந்த மாதத் தங்க யோசனை என்று ஒரு சீட்டை உயர்த்திக் காட்டி வாசித்தார். “விளம்பர விசிறியின் எலும்பை வெட்டி ஆறு திருகாணிகளை ஒரே இழுப்பில் எடுத்தல். மிச்சம் நான்கு விநாடி. எழுதியவர், நிரசாவா.”

யாரோ முதுகில் தள்ளினார்கள். மேடையில் அந்தச் சீட்டைக் கையில் கொடுத்தார்கள். என் விசிறியின் படம், பல் பல்லாக, அளவோடு வரைந்திருந்தது. கீழே என் முத்திரை, சிவப்பாக, துளி சாயாமல். நான் எழுதவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் யார் எழுதியது, முத்திரையை யார் எடுத்தது என்று கேட்பார்கள். காய்ச்சலில் படுத்தவர்கள் பெயரில் போட்ட சீட்டெல்லாம் தோண்டி எடுப்பார்கள். பத்துப் பேர் வேலை போகும். நான் குனிந்து வணங்கினேன். கைதட்டினார்கள். கோமினே என் தோளோடு தோள் நின்று படம் எடுத்துக்கொண்டான்.

“உங்களுக்குள்ள இருந்துச்சு பாருங்க! நான்தான் சொன்னேனே!” என்றான். அவன் தண்ணீர் ஊற்றி என் மண்டையில் முளைத்ததாம். அந்த நிமிடம் கையில் செங்கல் இல்லாதது அவன் அதிர்ஷ்டம்.

திங்கட்கிழமை எண் நாற்பத்தெட்டுக்கு இறங்கியது. ஆறு மேஜைக்கும் என் விசிறி மாதிரியே இரும்பில் செய்த சீப்பு ஒன்று வந்தது, வரிசை எண் பொறித்து, சங்கிலியில் கட்டி. தேநீர் இடைவேளையில் மேஜைமேல் எல்லோருடைய கோப்பையும் இருந்தது, என்னுடையதை மட்டும் எடுத்து வைக்காமல் அலமாரியிலேயே விட்டிருந்தார்கள். ஆறாம் மேஜைக்காரி, நான் காதில் வாங்க வேண்டும் என்றே, “ஆறு மாசம் ஊமையா இருந்துட்டு எல்லார் கழுத்தையும் ஒரே வெட்டா வெட்டிட்டா பாரு” என்றாள். அவள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

யார் எழுதியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் விசிறியைப் பார்த்தவள் ஒருத்திதான். சாயங்காலம் கை கழுவும் தொட்டியடியில் உசுதாவைப் பிடித்தேன்.

“நீங்கதானே?”

“எது?”

“நடிக்காதீங்க. என் பேர்ல சீட்டு போட்டது நீங்கதானே? நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்? பலகாரம் குடுக்காம அவமானப்படுத்தினது போதாதா? என் நாலு செகண்டையும் பிடுங்கிக்கணுமா?”

உசுதா சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நகத்துக்கு அடியில்கூடத் தேய்த்தாள்.

“முதல்ல அந்த மஞ்சூ. பெட்டியில பன்னெண்டுதான் இருந்துச்சு. வண்டியில பசி தாங்கல, ஒண்ணைத் தின்னுட்டேன். அப்புறம் சபலம், எனக்குன்னு இன்னொண்ணையும் எடுத்து எல்லாரோடயும் சேந்து தின்னேன். யாருக்காவது இல்லாம போகணும், பக்கத்துல நீ இருந்த. அவ்ளோதான். மூணு வருஷமா மூஞ்சியத் தூக்கி வெச்சுருக்க.”

“பேச்சை மாத்தாதே!” என்றேன். ‘நீங்க’ போய்விட்டது. போகட்டும். “சீட்டு எதுக்குப் போட்ட?”

“கேமரா வருதுன்னான்ல. உன் விசிறி படத்துல விழுந்தா என்ன ஆகும்? ஆறு திருகாணி ஒண்ணா இறங்குறதை எந்தக் கையால மறைப்ப? திருட்டுத்தனமா கருவி வெச்சிருந்தான்னு சொல்லி அன்னைக்கே அனுப்புவான். நாலு செகண்டும் போகும், வேலையும் போகும். இப்ப நாலு செகண்டு மட்டும்தான் போச்சு.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேட்டா ஒத்துக்குவியா? கழுதை மாதிரி நிப்ப. அப்புறம் மார்ச்ல எவளையாவது சின்னப் பொண்ணைக் கொண்டுவந்து என் பக்கத்துல நிறுத்துவான். அவளுக்கு முதல்லேர்ந்து நான் கத்துக்குடுக்கணும். வாய் ஓயாம பேசுவா. நீயாவது பேசாம இருப்ப.”

எனக்கு அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை. “உனக்கென்ன, சுலபமா சொல்லிட்ட. என் விரலைப் பாரு. இது நாலு மாசம் தாங்காது” என்று கையை அவள் மூஞ்சிக்கு நேராக நீட்டினேன். கட்டைவிரல் மடங்கியபடியே நின்றது. நிமிரவில்லை. அவள் ஈரக் கையால் அதைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். டொக். உயிர் போனது.

பிறகு தன் சட்டையின் கைப்பட்டிக்குள்ளிருந்து எதையோ எடுத்துத் தொட்டி விளிம்பில் வைத்தாள். சாப்பிட்டுவிட்டு எறிகிற மூங்கில் குச்சி. விரல் நீளத்துக்கு ஒடித்து, நுனியில் ஒரு சின்னப் பள்ளம் செதுக்கியிருந்தது.

“ரப்பர் வளையத்தை விரலால அமுக்காத. இதை வெச்சு ஒரு சுத்து இழு. தானா உக்காரும். மூணு செகண்டு. கை அதை மூடிக்கும், கேமராவுக்குத் தெரியாது.”

“எத்தனை நாளா இது?”

“ஒம்பது வருஷம்.”

ஒன்பது வருடம்! இவள் ஒவ்வொரு பெட்டி முடிந்ததும் கையுறையை இழுத்து இழுத்துச் சரிசெய்வாளே, அது கையுறை பிரச்சினை என்றே நினைத்திருந்தேன். மூன்று விநாடி ஓய்வு. என் மூக்குக்குப் பக்கத்திலேயே.

“உன்னோட மூணை அப்படியே வெச்சுக்கிட்டு என் நாலைத் தூக்கிக் குடுத்துட்ட” என்றேன்.

“ஆமா. அவனுக்கு ஏதாவது தின்னக் குடுத்தாத்தான் தேடாம இருப்பான். பெரிசு ஒளியாது, அதைப் போட்டேன். சின்னது ஒளியும்.” துண்டை எடுத்துக் கையைத் துடைத்தாள். “வேணும்னா எடுத்துக்க. வேண்டாம்னா என் பேர்ல சீட்டு எழுதிப் பெட்டியில போடு. முத்திரை இழுப்பறையிலதான் இருக்கு.”

அப்படியே விட்டுவிட்டுப் போனாள். நன்றி சொல்வேன் என்று அவள் நிற்கவில்லை, நானும் சொல்லவில்லை. சீட்டு எழுதிப் போடத்தான் வேண்டும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். போட்டால் எண் நாற்பத்தைந்து ஆகும். அவளைக் குத்துகிற கத்தி என்னையும்தான் குத்தும். இந்தக் கிழவிக்கு அதுவும் தெரியும். குச்சியை எடுத்துக் கைப்பட்டிக்குள் செருகிக்கொண்டேன். அவளை மன்னித்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். விரலுக்காக எடுத்தேன்.

இரண்டு வாரம் உபயோகித்ததில் அதன் குறை தெரிந்தது. பள்ளம் நேராக இருந்ததால் மூலை திரும்பும்போது வளையம் நழுவியது. ஒன்பது வருடமாக இவளுக்கு இது தோன்றவே இல்லையா? வீட்டில் சமையல் கத்தியால் நுனியைச் சாய்வாகச் சீவினேன், வளையம் மூலையில் நழுவாமல் திரும்பியது. இன்னும் அரை விநாடி மிச்சம். யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் எட்டிப் பார்த்தால் உசுதாவின் குச்சியும் சாய்வாகச் சீவியிருக்கிறது. திருட்டுக் கிழவி! அதிலும் அவள் நுனியில் நகச்சாயம் வேறு பூசியிருந்தாள், ஈரம் ஏறாமல் இருக்க. அன்று மாலை கடைக்குப் போய் நிறமில்லாத நகச்சாயம் ஒரு புட்டி வாங்கினேன்.

கேமரா வந்தது. எங்கள் தலைக்கு மேலே ஒற்றைக் கண்ணோடு தொங்குகிறது. சாப்பாட்டுக் கூடத்து மரத்தில் என் கிளையில் ஒரு பழம், தங்க நிறத்தில், மற்றதைவிடப் பெரிது. மார்ச்சில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். ஆறாம் மேஜைக்காரி இன்னும் என் கோப்பையை எடுத்து வைப்பதில்லை.

போன வாரம் கோமினே நேரம் பார்க்கும் கடிகாரத்தோடு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான். நான் வளையத்தை அழுத்தி, சீப்பை இழுத்து, திருகாணி முடுக்கி, பிறகு துணியை எடுத்து மூடியைத் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை. இடது கை துடைத்தது, வலது கை மேஜைக்கு அடியில் தொங்கியது.

“நாப்பத்தெட்டு. கச்சிதம்” என்றான். “என்ன நிரசாவா-சான், தங்கம் வாங்கினவங்க நீங்க. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சே, அடுத்து ஏதாவது?”

“ஒண்ணும் தோணல.”

“அவ்ளோ அருமையா ஒண்ணைக் கண்டுபிடிச்ச மண்டைக்கு இன்னொண்ணு தோணாமலா போகும்?” அவன் போகவில்லை. குனிந்து என் கைப்பட்டியை உற்றுப் பார்த்தான். நான் துடைப்பதை நிறுத்தவில்லை.

பக்கத்து மேஜையிலிருந்து உசுதா தலையைத் தூக்காமலேயே பேசினாள். “அட விடுங்க தலைவரே. அவளுக்கு அது ஒண்ணு தோணினதே அதிசயம். பக்கத்துல நின்னு பாக்கிறேனே, மண்டை சுத்தமா காலி. துடைச்ச மூடியையே திரும்பத் திரும்பத் துடைக்குது பாருங்க.”

வரிசை முழுக்கச் சிரித்தது. ஆறாம் மேஜைக்காரிதான் எல்லோரிலும் சத்தமாகச் சிரித்தாள். கோமினேயும் சிரித்துவிட்டு அடுத்த மேஜைக்கு நகர்ந்தான்.

“ஆமாங்க, காலிதான்” என்று சொல்லிவிட்டு நான் மேஜைக்கு அடியில் கட்டைவிரலை நீட்டினேன்.